போய் வரும் வேலை

குமாரபாளையம் பாவடித் தெருவில் பட்டப்பகலில் தறிச் சத்தம் நின்றால், அடுத்த நொடி அத்தனை பேரும் தலையைத் தூக்கி ஃபேனைப் பார்ப்பார்கள். ஃபேனும் நின்றிருந்தால் கரண்ட் போயிருக்கிறது, வெளியே வந்து காற்றாட உட்காரலாம். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால் விஷயம் வேறு. எந்த வீட்டிலோ உயிர் போயிருக்கிறது. சாவு விழுந்த வீட்டுக்காரன் முதலில் செய்கிற காரியம் தறியை நிறுத்துவது, அழுவதெல்லாம் அதற்கப்புறம். அவன் பட்டறை அடங்கினதைக் கேட்டு அடுத்த பட்டறைக்காரன் நிறுத்துவான், அவனைக் கேட்டு அதற்கடுத்தவன். சவத்தைத் தூக்குகிறவரைக்கும் தெருவில் எந்தத் தறியிலும் நாடா அசையாது. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, மீறினவனும் இல்லை.

இப்படியொரு தெருவில், வீட்டிலிருந்தபடி போனில் பேசிச் சம்பாதிக்கிற வேலையை ஐந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் மஞ்சுளா. அவள் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

சென்னையில் தண்ணீர் சுத்திகரிக்கிற மிஷின் விற்கும் கம்பெனி அது. மிஷின் ரிப்பேர் என்று கூப்பிடுகிறவர்களைச் சமாதானப்படுத்தி ஆள் அனுப்பிவைக்க வேண்டும். கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆள் எடுத்தார்கள், சேர்ந்துவிட்டாள். வீடு என்றால் முன்பக்கம் ஒரு கூடம், சமையலறை, ஓர் அறை. அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் புருஷன் இளவழகனின் தறிப்பட்டறை. ஆறு தறி. துண்டும் லுங்கியும் ஓடும். ஒரு தறி அடிக்கிற அடியே காதைக் கிழிக்கும், ஆறும் சேர்ந்தால் சுவரில் மாட்டின காலண்டர் ஆடும்.

அதற்காக அவள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். நூல் மூட்டைகளை அறைக்குள் சுற்றி அடுக்கி, நடுவில் ஆளுயரக் குழி மாதிரி விட்டு, அதற்குள் நாற்காலி போட்டுக்கொண்டாள். தலைக்கு மேல் ஒரு கம்பளிப் போர்வை. உள்ளே புகுந்தால் வேர்வை ஆறாகப் பெருகும். அதையும் மீறிச் சத்தம் போய், “என்னம்மா அங்க, மழையா?” என்று யாராவது கேட்டால், “ஆமாங்க சார், நல்ல மழை” என்பாள். சித்திரை வெயிலில் தார் ரோடு இளகிக் கிடக்கும். அவளுக்கு மட்டும் அடைமழை. மேலதிகாரி பேசுகிறார், முக்கியமான பேச்சு என்றால் சுவரை இரண்டு தட்டு தட்டுவாள். சுவரோரத் தறிகள் இரண்டையும் இளவழகன் நிறுத்துவான். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

போன மாதம் அந்தக் கம்பெனி ஒரு கடிதம் அனுப்பியது. ஆடி பிறப்பதற்குள் எல்லாரும் சென்னை ஆபீசுக்கு வந்துவிட வேண்டும், வராதவர்கள் நின்றுகொள்ளலாம். குமாரபாளையம் எங்கே, சென்னை எங்கே! இரண்டாம் வகுப்புப் போகிற மகள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இருபது நாளே ஆன மாமனார், ஆறு தறி, இத்தனையையும் விட்டுவிட்டுப் போகிற காரியமா அது? வேறு வேலை தேடினாள். இரண்டு கம்பெனிகள் வீடியோவில் கூப்பிட்டுப் பேசின. இரண்டிலும் பாதியிலேயே, “சத்தம் அதிகமா இருக்கு, அப்புறம் கூப்பிடறோம்” என்றார்கள். கூப்பிடவில்லை.

மூன்றாவதாக வந்ததுதான் சேலத்து வேலை. பெரிய லாரி ஆபீஸ். வடக்கே போயிருக்கிற வண்டிகள் எங்கே நிற்கின்றன, ஏன் நிற்கின்றன என்று திரையில் பார்த்து டிரைவர்களிடம் பேச வேண்டும். அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற அக்சிலியா என்கிற அம்மா புதன்கிழமை சாயங்காலம் போன் செய்து, மறுநாள் பதினோரு மணிக்கு வீடியோவில் வரச் சொன்னாள். “வீட்டுல இருந்தும் பாக்கலாம், அஞ்சு ரோடு பக்கத்துல நம்ம ஆபீசுக்கு தினம் வந்தும் பாக்கலாம். ரெண்டுக்கும் ஒரே சம்பளம்தான். எதுன்னு நாளைக்கே சொல்லிடணும், பிற்பாடு மாத்த முடியாதும்மா.”

அன்றைக்கு அரிசிம்பருப்புச் சோறு. பொழுது இறங்கியும் வெக்கை இறங்கவில்லை. பள்ளிக்கூட லீவுக்கு மகள் மிதுனா எடப்பாடியில் மஞ்சுளாவின் அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் வீட்டில் மூன்று பேர்தான். இளவழகன் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்து உட்கார்ந்தான்.

“இதுல ரோசனை பண்றதுக்கு என்ன புள்ள இருக்குது?” என்றான். “ஊட்டுல இருந்தே பாக்கறேன்னு சொல்லிப்போடு. காலைல ஏழு மணிக்குப் பஸ் ஏறி, சங்ககிரி தாண்டி, சேலம் போயி எறங்கறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சு போயிரும். மறுக்கா பொழுதோட அதே பாடு.”

மாமனார் பெரியசாமி நெய்யை விரலால் வழித்துக்கொண்டே, “அவஞ் சொல்றதுஞ் சேரிதான் அம்மணி. நீ ஊட்டுல இருந்தாத்தான் எனக்குத் தெம்பு. தார் போட்டுட்டு உக்காந்திருந்தாலும், உள்ளுக்குள்ள நீ இருக்கறேன்னு ஒரு தைரியம்” என்றார். அவருக்குத் தறி ஓட்டத் தெம்பில்லை, ஊடைக்கு, அதாவது குறுக்கு நூலுக்கு, தார்க்குச்சியில் நூல் சுற்றித் தருவதோடு சரி. இதயக் குழாயில் அடைப்பெடுத்து ஒரு கம்பிவலை வைத்திருந்தார்கள்.

“நானும் அப்புடித்தானுங்க மாமா இருக்கறேன். ஊட்டுல இருந்தே பாத்துக்கலாம்னு” என்றாள் மஞ்சுளா.

பச்சைப் பொய். சேலத்துக்குப் போக வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அந்த ஆசை எப்போது வந்தது என்றும் அவளுக்குத் தெரியும். அதை நினைத்தாலே வெட்கமாகவும் இருந்தது. மாமனார் ஈரோட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாள் அவள்தான் பஸ்ஸில் சோறு கொண்டுபோனாள். மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, யாரையும் கேட்காமல், தானாக ஒரு டீ வாங்கி நின்றபடி குடித்தாள். அந்த டீயைக் குடிக்கும்போது அப்படியொரு சந்தோஷம் வந்தது. மனுஷன் உள்ளே மூக்கில் குழாயோடு கிடக்கிறார், இவளுக்கு டீ இனிக்கிறது! இதை யாரிடம் போய்ச் சொல்வாள்? தனக்காகத் தறியையே நிறுத்துகிற குடும்பத்திடம், எனக்கு இந்த வீட்டுக்குள் மூச்சு முட்டுகிறது என்று எந்த வாயால் சொல்வாள்?

காலையில் டீ எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. மூலையில் இளவழகன் துண்டுகளை மடித்துக் கோணிக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முதுகால் மறைத்த மாதிரி இருந்தது. அவள் விடவில்லை, ஒன்றை உருவி வெளிச்சத்தில் விரித்தாள். குறுக்கே கையகலத்துக்கு ஒரு பட்டை. இன்னொன்றை உருவினாள், அதிலும் பட்டை. ஓடுகிற தறியைச் சட்டென்று நிறுத்தித் திரும்ப ஓட்டினால் அந்த இடத்தில் ஊடை நெருங்கி இப்படித்தான் விழும். அவள் சுவரைத் தட்டின தட்டெல்லாம் துணியில் விழுந்து கிடந்தன.

“ஏனுங்க, இதையெல்லாம் வாங்கமாட்டேன்னுட்டாங்களா?”

“வாங்காம என்ன. ஒண்ணு ரெண்டு திரும்பி வரும். அது எல்லாப் பட்டறையிலும் நடக்கறதுதான்.”

“ஊட்டுல நாம தொடைக்கற துண்டெல்லாம் இதுதானா?”

“துண்டுன்னா தொடைக்கத்தான் புள்ள. பட்டை இருந்தாத் தண்ணி ஒட்டமாட்டேன்னா சொல்லுது?” டீயை வாங்கிக்கொண்டு பேச்சை மாற்றினான். “இன்னைக்கி நீ கவலையே படாத. பதனோரு மணிக்கு ஆறையும் நிறுத்திர்றேன். பக்கத்துப் பட்டறை அன்பரசுகிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன். பட்டறைச் சுவத்துக்கு அந்தக் கைல அவனோட தறி எட்டு இருக்குதல்லோ. ஊசி விழுந்தாக் கேக்கும் பாரு.”

சொல்லிவிடலாமா என்று மஞ்சுளாவுக்கு வாய்வரைக்கும் வந்தது. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து முழுங்கிக்கொண்டாள்.

பத்தரை மணிக்கு வீடே கல்யாண வீடு மாதிரி ஆனது. போர்வையையும் சுற்றியிருந்த மூட்டைகளையும் எடுத்தாயிற்று. காற்று வர, வாசல்வரை தெரிகிற மாதிரி முதுகுப் பக்கத்து அறைக் கதவைத் திறந்து வைத்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி இளவழகனே நாற்காலியைத் திருப்பிப் போட்டான். மாமனார் சவரம் செய்து, சலவை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தார்.

“நீங்க எதுக்குங்க மாமா இத்தனை சோடிச்சிருக்கறீங்க?”

“கேமரா எந்தப் பக்கம் திரும்புமோ, ஆரு கண்டா?”

“அப்பா, அரைமணி நேரம் வாயத் தொறக்கப்படாது” என்று இளவழகன் கண்டித்துச் சொன்னான். “ஆராச்சும் வந்தாலும் சைகையிலயே சொல்லி அனுப்பிச்சுருங்க.”

பெரியசாமி சரி என்று தலையை ஆட்டினார், அப்போதிருந்தே வாயைத் திறக்கவில்லை.

பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் ஆறு தறியும் நின்றன. அன்பரசுவின் எட்டும் நின்றன. இளவழகன் அன்பரசுவிடம் மட்டும்தான் காரணம் சொல்லியிருந்தான். எதிர்வீட்டு முத்தாயம்மாளிடம் சொல்லத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும், அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவன்தானே! பொண்டாட்டிக்கு வேலை கிடைக்க வேண்டுமே என்கிற ஒரே நினைப்பில் மூளை வேலை செய்யவில்லை.

மஞ்சுளாவுக்கு நிசப்தம் முதலில் பயமாகத்தான் இருந்தது. தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. திரையில் அக்சிலியா தெரிந்தாள். நாற்பது வயசு இருக்கும், கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை, பின்னால் ஆட்கள் நடமாடுகிற ஆபீஸ். யாரோ ஒரு பெண் டீ டம்ளரோடு குறுக்கே போனாள். மஞ்சுளாவின் கண் அந்த டம்ளரின் பின்னாலேயே போய் வந்தது.

“இப்ப நான்தான் டிரைவர்னு வெச்சுக்கோங்க” என்றாள் அக்சிலியா. “கிருஷ்ணகிரி தாண்டி ரெண்டு மணி நேரமா ஒரே எடத்துல நிக்கறேன். ஏன்னு கேட்டா எரிஞ்சு விழறேன். என்ன பண்ணுவீங்க?”

“மொதல்ல சாப்பிட்டீங்களாண்ணான்னு கேப்பனுங்க மேடம். அப்பறம் டயரா, தூக்கமா, போலீஸான்னு கேப்பேன். இந்த மூணுல ஒண்ணாத்தான் இருக்கும். தூக்கம்னா தூங்கட்டும்னு விட்டுட்டு, சரக்கு எறக்கற எடத்துக்கு நானே பேசிருவேன்.”

அக்சிலியா சிரித்துவிட்டாள். இன்னும் நாலைந்து கேள்வி. எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னாள். இத்தனை வருஷம் போர்வைக்குள் கத்திப் பழகின தொண்டைக்கு, மெதுவாகப் பேசினாலே கேட்கிறது என்பது பெரிய சுகமாக இருந்தது. வெளியே என்னவோ இன்னும் நிசப்தம் கூடிக்கொண்டே போகிற மாதிரி இருந்தது. தெருக்கோடிப் பட்டறைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அதை யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

“சரிம்மா. கடைசியா அந்த விஷயம். வீட்டுல இருந்தா, ஆபீஸுக்கா?”

கூடத்தில் புருஷனும் மாமனாரும் மூச்சுப் பிடித்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. “ஊட்டுல...” என்று ஆரம்பித்தாள்.

“எங்கண்ணா...! என்னைப் பெத்த ராசா...! எங்களை உட்டுப்போட்டுப் போயிட்டியே...!”

வாசலில் எழுந்த அந்த ஓலம் வீட்டைத் தூக்கிப்போட்டது. முத்தாயம்மாளின் குரல். பெரியசாமிக்குத் தங்கை முறை. அவளுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்களின் அழுகை. பாவம், அவர்கள் மேல் என்ன தப்பு? பதினாலு தறி ஒன்றாக நின்றது, ஃபேன் சுற்றுகிறது, பெரியசாமி இருதயத்துக்கு வைத்தியம் பார்த்து வந்த மனுஷன், வாசலில் ஆளைப் பார்த்து மூன்று வாரம் ஆகிறது. தெரு முழுக்கத் தறியை நிறுத்திவிட்டு, தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். இளவழகன் பதறி எழுந்திருப்பதற்குள் வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருந்த பெரியசாமி எழுந்து கதவைத் திறந்தார்.

வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, உதட்டின் மேல் ஒற்றை விரல். மகன் சொன்ன சொல் தவறாமல், பேசாதே என்று சைகை காட்டிக்கொண்டு நின்றார்.

“அய்யோ...!” என்று முத்தாயம்மாள் போட்ட சத்தம் காவேரிக்கு அக்கரையில் பவானிக்கே கேட்டிருக்கும். அப்படியே தொப்பென்று படியில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்த பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்தார்கள். கடைசியில், தெருக்கோடிப் பட்டறைக்காரன் சின்னராஜ், ஆளுயர சாமந்தி மாலையை வைத்துக்கொண்டு அதை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முழித்தான்.

அத்தனையும் மஞ்சுளாவின் தோளுக்குப் பின்னால் திரையில் தெரிந்தது.

“என்னம்மா அங்க? யாருக்கு என்ன ஆச்சு?” என்று அக்சிலியா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

பழக்க தோஷத்தில் மஞ்சுளா வாயில் ஒரு பொய் தயாராக வந்தது. சொல்ல முடியவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாகத்தான் வந்தன. “ஆருக்கும் ஒண்ணும் ஆகலீங்க மேடம். எங்க தெருவுல தறி நின்னா எழவுன்னு அர்த்தமுங்க. எனக்குச் சத்தம் கேக்கப்படாதுன்னு நிறுத்துனாங்க. எங்க மாமனார் போயிட்டாருன்னு மாலையோட வந்துட்டாங்க. அவரேதானுங்க கதவத் தொறந்துட்டாரு.”

அக்சிலியா வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. “மொதல்ல அந்தம்மாவுக்குத் தண்ணி குடுங்க. அரைமணி கழிச்சுக் கூப்பிடறேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டே மஞ்சுளா சொம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

தண்ணீரைக் குடித்து முடித்ததும் முத்தாயம்மாளுக்கு உயிர் வந்தது. வந்ததும் இளவழகனைப் பிடித்துக்கொண்டாள். “ஏண்டா, உனக்கு அறிவு இருக்குதா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாது? என்ற நெஞ்சே நின்னிருக்கும். அப்பறம் அந்த மாலைய எனக்குத்தான் போட்டிருக்கோணும்!”

பெரியசாமி மகன் தோளைத் தொட்டார். “இப்பப் பேசலாமா?”

“பேசுங்கப்பா.”

“டேய் சின்னராசு, எத்தனை நேரம் கையில வெச்சுட்டு நிப்ப? கொண்டா, சாமி படத்துக்குப் போடு.”

“எழவுக்கு வாங்குனதுங்களே மாமா.”

“செத்தாத்தானே அது எழவு மாலை. நாந்தான் சாகலியே. பூ என்னடா பாவம் பண்ணுச்சு?”

அவ்வளவுதான், பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அழ வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். மஞ்சுளா மோர் கரைத்துக் கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். முத்தாயம்மாள் மட்டும் பெரியசாமியை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இல்லீண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். முன்னயெல்லாம் நீ இருமுனா எங்கூட்டு வரைக்கும் கேக்கும். இப்பக் கொஞ்ச வருசமா ஒரு இருமல் கேக்கல, மூணு வாரமா ஆளையும் காணல. அதுதான் நெசமாவே போயிட்டியோன்னு நெனச்சுப்போட்டேன். நல்லாயிருச்சா?”

“எங்க நல்லாவுது? இருக்குது” என்றார் பெரியசாமி மோரை உறிஞ்சிக்கொண்டே. “இருமல் வந்தாக் கொல்லைக்குப் போயிருவேன். கிணத்துக்குப் பக்கத்துல நின்னு துண்டை வாயில வெச்சு அமுக்கிட்டு இருமிப்போட்டு வந்துருவேன். அம்மணி போன்ல பேசிட்டு இருக்கறா பாரு.”

எல்லாரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்த மஞ்சுளாவுக்குச் சிரிப்பு நின்றுபோனது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து, முத்தாயம்மாளும் எழுந்து போகிறவரைக்கும் பொறுத்திருந்தாள். அப்புறம் மாமனார் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“எத்தனை நாளா இப்புடிக் கொல்லைக்குப் போறீங்க மாமா?”

“அது கெடக்குது உடு சாமி.”

“சொல்லுங்க மாமா.”

“நீ இந்த வேலைல சேந்ததுல இருந்துதான். என்ன இப்ப? நாலு எட்டு நடந்தா ஒடம்புக்கு நல்லதுதானே.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லோ!”

“என்னன்னு சொல்றது? எனக்கு இரும எடம் வேணும், நீ வெளிய போயி வேலை பாருன்னா? மருமவள வெளிய போன்னு சொன்னாப்புல ஆயிருமல்லோ. அதுதான் நேத்துக்கூட ஊட்டுலயே இருன்னு சொன்னேன்.”

சுவரோரம் நின்றிருந்த இளவழகன் மெல்ல வாயைத் திறந்தான். “நானும் அதுக்குத்தான் புள்ள சொன்னேன். நீ அந்த மூட்டைக்கு நடுவால போர்வைய மூடிட்டு உக்காந்திருக்கறதப் பாத்தா எனக்கு மனசே ஆகாது. கட்டிக் கூட்டியாந்து அடைச்சு வெச்சிட்டமேன்னு இருக்கும். சேலத்துக்கே போன்னு சொல்லலாம்னு நேத்து நாலு தடவை வாயெடுத்தேன். தறி ஓடோணும்னு பொண்டாட்டிய வெளிய முடுக்கறான்னு நீ நெனச்சுக்குவியோன்னு பயம்.”

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபம் வந்தது. கோபத்தைக் காட்ட ஆளில்லை. அவளும் அதே குற்றவாளிதானே!

“எனக்கு சேலம் போகோணும்னு ஆசையா இருக்குதுங்க மாமா” என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. “நீங்க ஆஸ்பத்திரில கெடந்தப்ப நான் பஸ்ல போயிட்டு வந்தனல்லோ. எனக்கு அது சந்தோசமா இருந்துச்சுங்க. நீங்க அங்க அப்புடிக் கெடக்கறீங்க, நான் பஸ் ஸ்டாண்டுல நின்னு டீ குடிக்கறேன். எனக்கு இனிக்குது. நான் என்ன மனுஷின்னு எனக்கே வெறுப்பா இருந்துச்சு மாமா.”

பெரியசாமியின் உடம்பு குலுங்கியது. அழுகிறாரோ என்று இளவழகன் பக்கத்தில் வந்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“நானும் அங்க சந்தோசமாத்தான் சாமி இருந்தேன். மூணு நாளும் வாய் நெறைய இருமுனேன். ஆரும் ஒண்ணும் கேக்கல. நர்ஸம்மா வேற, நல்லா இருமுங்க தாத்தா, சளி வெளிய வரட்டும்னு சொல்லிச்சு.”

மஞ்சுளா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். ஐந்து வருஷமாகத் தலைமேல் வைத்திருந்த மூட்டையை இறக்கி வைத்த மாதிரி உடம்பு லேசாகிவிட்டது. மூன்று பேரும் ஒருவர் மனசு நோகக் கூடாதென்று ஒருவர் வாயை மூடிக்கொண்டு, என்ன பாடுபட்டிருக்கிறார்கள் பாருங்கள்!

சரியாக அரைமணி நேரத்தில் போன் வந்தது. வெளியே தெரு திரும்ப ஓட ஆரம்பித்திருந்தது. இளவழகன் எழுந்து பட்டறைப் பக்கம் ஓடப் பார்த்தான். அன்பரசு தறியைப் போட்டுவிட்டிருந்தான், அவனை நிறுத்தச் சொல்லத்தான். மஞ்சுளா புருஷன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“என்ன சத்தம்மா அது?” என்றாள் அக்சிலியா.

“தறிங்க மேடம். இங்க நாள் முழுக்க இப்புடித்தானுங்க இருக்கும்.”

“சரி, பெரியவர் எப்படி இருக்காரு?”

“மோர் குடிச்சுட்டு நல்லா இருக்கறாருங்க.”

“சந்தோஷம். நீங்க டிரைவர்கிட்ட பேசறது எனக்குப் பிடிச்சிருந்தது. ஆனா ஒண்ணு மஞ்சுளா, நான் ஒளிக்காம சொல்லிடறேன். இந்தச் சத்தத்துக்கு நடுவுல வீட்டுல இருந்து பாக்கறதுன்னா நான் யோசிக்கத்தான் வேணும். ஆபீஸ்ல வந்து பாக்கறதுக்குத் தோது இல்லைன்னு சொல்லுவீங்களோன்னுதான்...”

“ஆபீசுக்கே வாரேனுங்க மேடம்” என்று குறுக்கே விழுந்து சொன்னாள் மஞ்சுளா. எங்கே கேட்காமல் போய்விடுமோ என்று இன்னொரு தடவை சொன்னாள். “தெனமும் வாரேனுங்க.”

“வீட்டுல கேட்டுட்டுச் சொல்றீங்களா?”

“கேட்டுட்டனுங்க.”

“அப்ப திங்கக்கிழமை ஒம்பதரைக்கு வந்துடுங்க.”

போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள். கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் அவள் முகம் சொல்லிவிட்டது. இளவழகன் பட்டறைக்குள் போய் ஆறு தறியையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டான். பெரியசாமி கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்து, யாருக்கும் பயப்படாமல், நெஞ்சிலிருந்து ஒரு இருமல் இருமினார். எதிர்வீட்டிலிருந்து முத்தாயம்மாள், “அண்ணா, நல்லாக் கேக்குதுண்ணா!” என்று கத்தினாள்.

திங்கட்கிழமை பவானியிலிருந்து வந்த சேலம் பஸ்ஸில் ஏறினாள். கூட்டம். சங்ககிரி வரைக்கும் நின்றுகொண்டே போனாள். ஆபீஸில் முதல் நாளே இரண்டு டிரைவர்களிடம் திட்டு வாங்கினாள், பக்கத்து மேசைப் பெண் கொடுத்த கத்தரிக்காய்ப் பொரியலைச் சாப்பிட்டாள். சாயங்காலம் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. கால் வலித்தது, ஒரு பக்கம் தலை இடித்தது. இளவழகன் சொன்ன மாதிரி இடுப்பும் ஒடிந்துதான் போனது. இனி தினம் இதுதானா என்று மலைப்பாகக்கூட இருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் குமாரபாளையத்தில் இறங்கி, செருப்பைத் தேய்த்துக்கொண்டு பாவடித் தெருவுக்குள் நடந்தாள். இரண்டு பக்கமும் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன.

வாசலில் தார் சுற்றிக்கொண்டிருந்த பெரியசாமி தலை நிமிர்ந்தார். ராட்டையை நிறுத்தினார்.

“வந்துட்டியா சாமி?” என்றார்.

மஞ்சுளா படியிலேயே நின்றுவிட்டாள். சந்தைக்குப் போய் வருகிறவர்களை, பள்ளிக்கூடம் விட்டு வருகிற மிதுனாவை, நூல் எடுத்து வருகிற இளவழகனை அந்த வீட்டில் தினம் தினம் யாராவது கேட்கிற கேள்விதான் அது. அவளை மட்டும் யாரும் கேட்டதில்லை. எங்காவது போனால்தானே வருவதற்கு?

“வந்துட்டனுங்க மாமா” என்றாள். குரல் மெல்லமாகத்தான் வந்தது.

தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, “என்ன?” என்றார்.

“வந்துட்டனுங்க மாமா!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.